ஆல்மா காப்பகம்: பொறுமை இருந்தால் புதையல்

சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஆல்மா தொலைநோக்கியின் 66 ஆன்டெனாக்கள் பிடித்த ரேடியோ தரவை, பெரும்பாலும் ஓராண்டு கழித்து, யார் வேண்டுமானாலும் அதன் இணையக் காப்பகத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நான் தேடியது ஐராஸ் 07299-1651: பிறந்துகொண்டிருக்கும் பெரிய நட்சத்திர ஜோடி, சுமார் 5,500 ஒளியாண்டு தொலைவில். பெயரைத் தட்டியதும் வந்துவிட்டது. அவசரப்பட்டு மூலத்தரவையே இறக்கி லேப்டாப்பை நிரப்பிக்கொண்டது என் புத்திசாலித்தனம். ஏற்கெனவே படமாக்கிய ஃபிட்ஸ் (வானியல் படங்களுக்கான கோப்பு வடிவம்) கோப்பே போதும். கார்ட்டா மென்பொருளில் திறக்கலாம், அதுவும் இலவசம்.

1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் தூசி இழைகள் நடுவை நோக்கி ஓடுகின்றன. பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒற்றைப் பொட்டு இரண்டாகப் பிரிகிறது. இடைவெளி சுமார் 180 வானியல் அலகு, அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 180 மடங்கு. அப்புறம் ஹைட்ரஜன் நிறமாலைக் கோடு, அதாவது ஹைட்ரஜன் உமிழும் குறிப்பிட்ட அலைநீளம். அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது வேகத்தைச் சொல்லும்: இரண்டு பொட்டுக்கும் வேகம் வேறு வேறு. ஒன்றையொன்று சுற்றுவதை ஆய்வாளர்கள் பிடித்தது இதை வைத்துத்தான். இரண்டும் சேர்ந்து குறைந்தது 18 சூரிய நிறை என்று 2019இல் சொன்னார்கள். முதல் ஒரு மணி நேரம் திணறினேன், பரவாயில்லை. காப்பகத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

அடுத்து நான் தேடப்போவது ஐராஸ் 16547-4247, இதுவும் பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திர ஜோடிதான். அந்த ஜோடியைச் சுற்றி சோடியம் குளோரைடு, நம் உப்பேதான், வாயுவாகத் திரிகிறது.