பாட்டைப் பற்றி எழுதுகிற எனக்கு லாஸ்ட்.எஃப்எம் எதற்கு

பாட்டு கேட்பதும், கேட்டதைப் பற்றி ராத்திரி உட்கார்ந்து நாலு பத்தி எழுதுவதும் எனக்கு ஆசைக்குத்தான். யாரும் எழுதச் சொல்லவில்லை, காசும் கிடையாது, கெடுவும் கிடையாது. இதற்குப் போய், கேட்ட பாட்டையெல்லாம் கணக்குப்பிள்ளை மாதிரி குறித்துவைக்கும் லாஸ்ட்.எஃப்எம் என்றொரு இணையச் சேவை வேண்டுமா என்று கேட்டால், வேண்டும், இல்லாவிட்டால் நான் பொய் எழுதுவேன்.

எழுதியிருக்கிறேன். "இந்த வருஷம் முழுக்க வீணைதான்" என்று பெருமையாக ஒரு வரி போட்டுவிட்டு, எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று லாஸ்ட்.எஃப்எம் கணக்கைத் திறந்தால், வீணை மொத்தம் பதினோரு தடவை, அதுவும் ஒரே வாரத்தில். பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருந்தது ஒரு பழைய குத்துப்பாட்டு. சரி என்று அந்த வரியை அடித்துவிட்டு, குத்துப்பாட்டைச் சொல்ல எனக்கு ஏன் கூச்சமாக இருந்தது என்று எழுத ஆரம்பித்தேன், மணி போனதே தெரியவில்லை.

இது பாட்டு போடும் செயலி இல்லை, நாம் வேறு எங்கோ கேட்பதைக் குறித்துவைக்கும் பேரேடு. 2002-இல் லண்டனில் தொடங்கியது. குறித்துவைக்கும் வேலை ரிச்சர்ட் ஜோன்ஸ் என்பவர் மாணவராக இருந்தபோது செய்த ஆடியோஸ்கிராப்ளர் என்ற மென்பொருளிலிருந்து வந்தது, 2005-இல் இரண்டும் ஒன்றாயின. இதற்கென்று சொந்தமாக ஒரு ரேடியோவும் இருந்தது, 2014-இல் அதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதனால் நஷ்டம் இல்லை, நான் வந்ததே பேரேட்டுக்காகத்தான். கணக்குத் தொடங்கக் காசு வேண்டாம்.

ஒரு பாட்டு எப்போது "கேட்டதாக" ஏறும் என்பதற்கு விதி உண்டு. பாட்டு 30 விநாடிக்கு மேல் நீளமாக இருக்க வேண்டும், அதில் பாதியோ 4 நிமிஷமோ, எது முதலில் வருகிறதோ அதுவரை ஓடியிருக்க வேண்டும். சினிமாப் பாட்டுக்கு இது நியாயம்தான். கச்சேரிப் பதிவுக்கு வந்தால் கூத்து. ஒரு மணி நேர ராகம் தானம் பல்லவியில் ஆலாபனை சூடு பிடிக்கும் முன்பே, நாலாவது நிமிஷத்தில், கேட்டாயிற்று என்று எழுதிக்கொள்கிறது. தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போனவரும் மங்களம் வரை இருந்தவரும் இதற்கு ஒன்றேதான். அதனால் எண்ணிக்கையை வைத்து "எனக்குப் பிடித்தவர் இவர்" என்று தீர்ப்பு எழுதுவதை நான் விட்டுவிட்டேன்.

இன்னொரு தொல்லை பெயர்கள். இதில் குற்றம், கேட்ட பாட்டின் விவரத்தைப் பேரேட்டுக்கு அனுப்பும் பாட்டுச் செயலியுடையது. நான் பயன்படுத்தும் ஒன்று, அதன் பெயர் வேண்டாம், ஒரே படத்தின் ஒரு பாட்டை இசையமைப்பாளர் பெயரிலும் அடுத்ததைப் பாடியவர்கள் எல்லாரையும் காற்புள்ளி போட்டு ஒரே நீள ஆளாக்கியும் அனுப்பும். விளைவு, என் பட்டியலில் ஒரே பாடகி ஆறேழு பேராகப் பிரிந்து கிடக்கிறார். அப்புறம் தூங்கும்போது மழைச் சத்தத்தைச் சுற்றவிட்டு மறந்துபோன ராத்திரி ஒன்று உண்டு, அது என் தப்பு. காலையில் பார்த்தால் அந்த வாரத்தின் முதல் கலைஞர் மழை. ஒவ்வொன்றாக அழிக்கலாம், அழித்தேன்.

இத்தனைக்கும் விடமாட்டேன், காரணம் தேதி. ஏதோ ஒரு பழைய மாதத்துக்குப் போய் அன்றைக்கு வரிசையாக என்னென்ன ஓடியது என்று பார்த்தால், எழுதுவதற்கு விஷயம் தானாக வந்துவிடும். போன வாரம் அப்படித் துழாவியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில் ஒரே ஒரு பாட்டு, ஒரே ஒரு தடவை என்று இருந்தது. அந்த ராத்திரி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரண்டாவது இடையிசையில் வயலின்கள் ஓய்ந்து புல்லாங்குழல் நுழையும் முன்னால், வாசிப்பவர் மூச்சை இழுக்கும் சத்தம் லேசாகக் கேட்கும், அந்த அரை விநாடிக்காகப் பின்னால் தள்ளித் தள்ளி இருபது தடவையாவது கேட்டிருப்பேன், அடுத்த சரணத்துக்குப் போகவே இல்லை. பேரேட்டில் 1 என்று இருக்கிறது. மீதிப் பத்தொன்பதைப் பற்றித்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.