காலையில் எடுத்த தண்ணீருக்கு மாலையிலேயே கிருமி ரிப்போர்ட்டா? பணம் கொடுக்காதீர்கள்

எங்கள் குடியிருப்பின் சம்ப் தண்ணீரைக் கிருமிச் சோதனைக்குக் கொடுத்து ஏமாந்தோம். தனியார் ஆய்வகத்து ஆள் பழைய மினரல் வாட்டர் பாட்டிலைக் குழாயடியில் அலசி, கழுத்துவரை நிரப்பி, பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு போனார். அப்போது காலை 10 மணி. மாலை 6 மணிக்கே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்துவிட்டது: ‘கோலிஃபார்ம் இல்லை’. கழிவுநீர் கலந்திருக்கலாம் என்று காட்டும் கிருமி வகைதான் கோலிஃபார்ம்.

வழக்கமான எந்த முறையிலும் இது நடக்காது. கிருமி வளர்ந்தால்தான் தெரியும். 35 டிகிரி இன்குபேட்டரில் வேகமான முறைக்கே 18 மணி நேரம் வேண்டும். சோதனைக் குழாய்களில் வளர்த்துக் கிருமி எண்ணிக்கையைக் கணிக்கும் எம்.பி.என். முறைக்கு 24 முதல் 48 மணி, அதற்குமேல் உறுதிச் சோதனை வேறு.

அதைவிட மோசம் அந்த பாட்டில். நகராட்சித் தண்ணீரில் குளோரின் மிச்சமிருந்தால், அது பாட்டிலுக்குள்ளும் கிருமியைக் கொன்றுகொண்டே இருக்கும். குழாயில் உயிரோடு வந்தது ஆய்வகம் சேர்வதற்குள் செத்துவிடும், ரிப்போர்ட்டும் சுத்தமாக வரும். இதைத் தடுக்கத்தான் பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் சேர்த்து, 121 டிகிரி நீராவியில் கிருமி நீக்கி (ஆட்டோகிளேவ்) தருவார்கள். அடியில் ஓரிரு சொட்டோ வெள்ளைப் படிவோ தெரியும். அழுக்கென்று நினைத்து அலசிவிடாதீர்கள்.

குழாய் முனையில் வலையோ துணியோ இருந்தால் கழற்றுங்கள். முனையை ஸ்பிரிட்டால் துடைத்து, 2, 3 நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடியுங்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. மேலே ஓர் அங்குலம் காலியாக விடுங்கள், குலுக்கிக் கலக்க இடம் வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் சேர்த்தால் நல்லது. 24 மணி தாண்டினால் அந்த மாதிரி வீண்.

நகராட்சி இணைப்பு, சம்ப், மேல்நிலைத் தொட்டி மூன்றிலும் தனித்தனியே எடுங்கள். இணைப்பில் இல்லாத கிருமி சம்பில் இருந்தால், விரிசல் வழியே கழிவுநீர் கசிகிறதா என்று முதலில் பாருங்கள்.

ரிப்போர்ட்டில் சோதனை தொடங்கிய தேதி, முடிந்த தேதி, முறை, ‘100 மி.லி.யில்’ என்ற அளவு இருக்கிறதா பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-இன்படி, மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி 100 மி.லி.யில் தென்படவே கூடாது. ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் முத்திரையை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். சில ஆய்வகங்களுக்கு வேதியியல் சோதனைக்கு மட்டுமே அங்கீகாரம் இருக்கும்.

அந்த ஆள் டி.டி.எஸ். மீட்டரையும் காட்டி ‘நல்ல தண்ணி’ என்றார். அது அளப்பது கரைந்த உப்பை. சாக்கடை கலந்த தண்ணீரிலும் எண் குறைவாக வரலாம்.

குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் ஆய்வகங்கள் உண்டு. மாதிரி எடுக்கும் முன்பே அங்கே பாட்டிலைக் கேளுங்கள். முறையான முடிவு வரும்வரை குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வையுங்கள்.