நீலகிரியில் வீடு தேடிச் சென்று பியானோ கற்பித்தல்: என் அனுபவம்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி ஆகிய ஊர்களில் மாணவர்களின் வீட்டுக்கே சென்று பல ஆண்டுகளாகப் பியானோ கற்பித்து வருகிறேன். இத்தொழிலில் இறங்க எண்ணுவோர், பிள்ளையோடு அந்த வீட்டுப் பியானோவையும் அதில் ஊறிய ஈரத்தையும் சேர்த்தே ஏற்கவேண்டியிருக்கும்.

மழைக்காலத்தில், கம்பிகளின் அதிர்வைப் பெருக்கும் மரத்தாலான ஒலிப்பலகை ஈரத்தை உறிஞ்சி உப்புவதால் கம்பிகள் இறுகிச் சுருதி ஏறிவிடும். வறண்ட பனிக்காலத்தில் இறங்கிவிடும். ஊட்டியிலும் கூடலூரிலும் தென்மேற்குப் பருவமழை வலுக்க, குன்னூரும் கோத்தகிரியும் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் நனைகின்றன. ஆகவே, சமவெளியிலிருந்து, சுருதி சேர்க்கும் டியூனரை வரவழைக்கும் நாளை அந்தந்த ஊரின் மழை ஓய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுமாறு பெற்றோரிடம் சொல்வேன். அடைமழையில் செலவழித்து 'ஏ' சுரத்தை அதன் பொது அளவான 440 ஹெர்ட்ஸில் நிறுத்தினாலும் பொங்கலுக்குள் அது நழுவிவிடும்.

கோத்தகிரி மாணவி ஒருத்தி, நடு 'சி'க்கு அடுத்த கட்டை அழுத்தியபின் எழும்பாததால், இடக்கை விரலால் அதைத் தூக்கிவிட்டபடியே வலக்கையால் ஸ்கேல் வாசித்துப் பழகியிருந்தாள். அவள் என் வீட்டுக்கு வந்து கற்றிருந்தால் அந்த இடத்தில் தாளம் ஏன் தடுக்குகிறது என்பது எனக்குப் பிடிபட்டிருக்காது. கட்டையின் துளையிலுள்ள ஃபெல்ட் என்னும் கம்பளித் துணி ஈரத்தில் பருத்து ஆணியை இறுக்கிப் பிடிப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். கீழ்ப்பலகைக்குள் பொருத்தும் சிறிய ஹீட்டர் கம்பி ஓரளவு காப்பாற்றும். ஆனால் குளிர் காயும் கணப்பின் அருகே பியானோவை நகர்த்திவிடுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. ஒருபக்கச் சூட்டில் ஒலிப்பலகை வெடித்தால் எந்த டியூனராலும் சரிக்கட்ட இயலாது.

டிஜிட்டல் பியானோவுக்கு இத்தொல்லைகள் இல்லை; தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையென்றால் அழுத்தத்தில் எடை உணர்த்தும் 88 கட்டைகள் இருப்பதையே வாங்கச் சொல்கிறேன். காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போகும் நாள்களில் மட்டும், மெழுகுவத்தி வெளிச்சத்தில் சுரக்குறிப்பு எழுதுவதோடு வகுப்பு முடிந்துவிடும்.

வருமானத்தைக் குறைப்பது பயணந்தான். மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நடக்கும் நாள்களில் ஊட்டிப் பக்கம் வகுப்பே வைப்பதில்லை. ஒரே சரிவில் இருக்கும் வீடுகளை ஒரே மாலையில் சேர்த்துக்கொண்டு, போக்குவரத்துச் செலவைக் கட்டணத்திலேயே அடக்கி, மண்சரிவால் தவறும் வகுப்பை விடுமுறையில் ஈடுசெய்வதாக முதல் நாளே பேசிக்கொள்வதால், கட்டண விஷயத்தில் எனக்கும் பெற்றோருக்கும் மனக்கசப்பு வந்ததில்லை.