மலைமேல் நிலையமா, பயணிகள் விமானமா?

உயரத்துக் காற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அளக்கும் கருவியை எங்கே வைப்பது என்பதே கேள்வி. கொடைக்கானல் சூரிய வானாய்வகம் 1899 முதல் நிற்கும் 2,343 மீட்டர் உயரத்தில் அதை வைத்தால், ஒரே இடத்துக் காற்றை ஆண்டுக்கணக்கில் இடைவிடாமல் அளக்கலாம். காலநிலை மாற்றத்தைக் கண்டறிய இந்தத் தொடர்ச்சிதான் முதல் தேவை. ஆனால் வெயில் ஏறியதும் சமவெளிக் காற்று வத்தலக்குண்டுப் பக்கத்துப் புகையையும் தூசியையும் சுமந்துகொண்டு சரிவில் ஏறிவிடும் என்பதால், உயரத்துக் காற்றின் இயல்பை அறிய இரவு அளவுகளையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கும்.

விமானத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1994 முதல் ஐரோப்பாவின் மொசைக் திட்டம் ஐந்து பயணிகள் விமானங்களான ஏர்பஸ் ஏ340 விமானங்களில் கருவி பொருத்தி ஓசோனையும் நீராவியையும் அளந்தது. அதன் வழித்தோன்றல்தான் பயணிகள் விமானங்களில் இதே வகை அளவீட்டைத் தொடரும் ஐயாகோஸ் திட்டம். எப்படியும் பறக்கப்போகும் விமானம் என்பதால் செலவு குறைவு. 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் கண்டங்களைக் கடப்பதோடு, ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றை அடுக்கடுக்காகவும் அளந்துவிடுகிறது. ஆனால் வழித்தடத்தை விட்டு அதிகம் விலகாது. பெரும் இடிமேகத்தைக் கண்டால் சுற்றிப்போகும் (பயணிக்கு நல்லது, ஆய்வாளருக்கு நட்டம்). நம் வெப்பமண்டலத்தில் அடிவளிமண்டலத்தின் (மேகமும் மழையும் உருவாகும் கீழடுக்கின்) உச்சி 16 கிலோமீட்டர் அளவில் இருப்பதால், அதைத் தொடுவதும் இல்லை.

கொடைக்கானல் அமைந்திருக்கும் பழனி மலைத்தொடருக்கு என்றால் என் தேர்வு நிலையமே: சோலைக்காடு எவ்வளவு கரியமில வாயுவை உறிஞ்சுகிறது என்பதைப் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் காற்றை உறிஞ்சும் குழாய் சொல்லாது.