இமேஜிங் சர்வர் மாற்றித் தருகிறோம் என்று வருபவர்களிடம் உஷார்

ஃபாக் (FOG) மாதிரி ஒரு இமேஜிங் சர்வரை, அதாவது கம்ப்யூட்டர் டிஸ்க்கின் முழு நகலை (இமேஜ்) சேமித்து வைத்து மற்ற மெஷின்களில் இறக்கும் சர்வரைப் பழைய மெஷினிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலையை வெளியாளிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். எங்கள் நிர்வாகம் ஒரு சர்வீஸ் நிறுவனத்தை அமர்த்தியது (பெயர் போடவில்லை, பணத் தகராறு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது). ஒப்பந்தத்தில் "எல்லா இமேஜ்களையும் முழுமையாக மாற்றித் தருதல்" என்று இருந்தது. நடந்தது ஒரு ஃபோல்டரை காப்பி அடித்த வேலை, அதுவும் அரைகுறை.

முடித்துவிட்டோம், கையெழுத்துப் போடுங்கள் என்று வந்தவர் புதிய சர்வரின் பக்கத்தைத் திறந்து இமேஜ் பெயர்கள் வரிசையாக இருப்பதைக் காட்டினார். அந்தப் பட்டியலை நம்பவே கூடாது. அது டேட்டாபேஸிலிருந்து வருவது. உள்ளே இருக்கும் சரக்கு இமேஜஸ் ஃபோல்டரில் தனியாகக் கிடக்கும், அங்கே ஒன்றுமே இல்லாவிட்டாலும் பெயர் மட்டும் அழகாகத் தெரியும். ஒரு மெஷினில் இறக்கிக் காட்டுங்கள் என்றேன். இருப்பதிலேயே சின்ன இமேஜாகப் பார்த்து இறக்கினார், வேலை செய்தது, சிரித்துக்கொண்டே கிளம்பினார். கையெழுத்து மட்டும், எல்லாவற்றையும் பார்த்த பிறகு என்று சொல்லி அனுப்பினேன்.

அப்புறம் பெரிய இமேஜ்களை எடுத்தால் ஒன்றும் முழுதாக இறங்கவில்லை. இமேஜை டிஸ்க்கில் எழுதும் பார்ட்குளோன் நிரல் நன்றாக ஓடிக்கொண்டே போய் நடுவில் நின்றுவிடும். கேட்டதற்கு "உங்கள் பழைய இமேஜே கெட்டுப்போயிருக்கும் சார்" என்று பதில். அதே இமேஜ் பழைய சர்வரிலிருந்து போன வாரம் வரை இறங்கிக்கொண்டிருந்தது! சரி, கோப்புகளின் அளவைப் பார்ப்போம் என்று பார்த்தால், பெரிய இமேஜ்களின் விண்டோஸ் பார்ட்டிஷன் கோப்பு ஒவ்வொன்றும் மிகச் சரியாக 4,29,49,67,295 பைட். வெவ்வேறு இமேஜ், ஒரு பைட் கூட வித்தியாசமில்லை. விஷயம் தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்ததும் புரிந்திருக்கும், ஃபேட்32 வடிவில் உள்ள டிஸ்க்கில் ஒரு கோப்பு அதற்கு மேல் வளராது. இரண்டு சர்வரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கும்போது, ஆர்சிங்க் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளை நகலெடுக்கும் கருவி) கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டியதை, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். காப்பி ஆகும்போது எர்ரர் வந்திருக்கும், வராமல் இருக்காது. பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறார்கள் என்பதுதான் என் கணிப்பு.

போகட்டும், பழைய சர்வரின் டிஸ்க்கைக் கொண்டு வாருங்கள், திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றேன். "அதை அன்றைக்கே அழித்துவிட்டோம் சார், பாதுகாப்புக்காக எங்கள் நடைமுறை அது." யாரைக் கேட்டு? ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி கிடையாது.

தப்பிப் பிழைத்த சின்ன இமேஜ்களிலும் சிக்கல். டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்து கொண்டுவராமல், இமேஜ் விவரங்களைக் கையால் தட்டியிருக்கிறார்கள். டிஸ்க்குக்கு ஏற்ப அளவு மாறும் வகையில் கேப்சர் செய்தவற்றை (இமேஜாக எடுத்தவற்றை) எல்லாம் அளவு மாறாத வகை என்று போட்டுவிட்டதால் சிறிய டிஸ்க் உள்ள மெஷின்களில் இறங்க மறுக்கிறது. சிலவற்றில் ஃபோல்டர் பெயரின் பெரிய எழுத்து சிறிய எழுத்தை மாற்றித் தட்டியிருக்கிறார்கள், லினக்ஸுக்கு அது வேறு ஃபோல்டர். காப்பி ஆன கோப்புகளின் உரிமையாளர், அனுமதி எதுவும் பழையபடி இல்லை. பழைய சர்வரின் எஸ்எஸ்எல் சான்றிதழையும் எடுத்து வைக்கவில்லை, அதனால் ஃபாக் கிளையன்ட் (மெஷினிலிருந்து சர்வரோடு பேசும் நிரல்) போட்டிருந்த மெஷின்கள் எதுவும் புதிய சர்வரை நம்புவதில்லை. மெஷின்களுக்கு ஐபி கொடுக்கும் டிஎச்சிபியில், பூட் ஆக எந்த சர்வரிடம் போக வேண்டும் என்று சொல்லும் 66ஆம் ஆப்ஷன் இன்னும் பழைய ஐபியையே காட்டிக்கொண்டிருந்தது, அதை நானே மாற்றிக்கொண்டேன்.

ஆகவே யாரிடம் கொடுத்தாலும் வேலை தொடங்கும் முன்பே பழைய சர்வரில் ஒவ்வொரு இமேஜ் கோப்புக்கும் ஷா256 (கோப்பின் கைரேகை போன்ற ஒரு கணக்கு) எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், மாற்றிய பிறகு புதியதில் அதே கணக்கை ஓட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். டேட்டாபேஸ், சான்றிதழ், ஸ்னாப்பின் (மெஷின்களில் தானாக நிறுவ வைத்திருக்கும் மென்பொருள்) மூன்றும் வருமா என்று எழுத்தில் கேளுங்கள். "டேட்டா காப்பி" என்று ஒற்றை வரியில் விலை சொல்பவருக்கு இதெல்லாம் தெரியாது என்றே வைத்துக்கொள்ளலாம். பெரிய இமேஜ் ஒவ்வொன்றும் ஒரு மெஷினில் இறங்கி, அந்த மெஷின் பூட் ஆகும் வரை பழைய சர்வரின் டிஸ்க் உங்கள் பூட்டுக்குள்ளேயே இருக்கட்டும், எந்த நடைமுறையைச் சொன்னாலும் சரி.

இப்போதைய நிலவரம்: போன இமேஜ்களைப் புதிதாக கேப்சர் செய்து தருவதற்குத் தனிக் கட்டணம் என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். இமேஜ் எடுக்கப் பயன்படுத்திய மாஸ்டர் மெஷின்களை எல்லாம் எப்போதோ கலைத்தாயிற்று, எதிலிருந்து கேப்சர் செய்வார்களாம்? கோப்பு அளவுகளின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பதிலாக அனுப்பி, மீதிப் பணத்தை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.