ஐம்பது ராண்ட் கோப்பையும் மூன்று கணக்கும்

புரட்டாசி முடியப்போகிறது என்றால் எங்கள் அண்ணனுக்கு ஒரு வேலை காத்திருக்கும். பாருக்குப் பின்னால் தொங்கும் கரும்பலகையைத் துடைத்துப் புது விலை எழுத வேண்டும். தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய எங்கள் சாட்ஸ்வர்த்தில் நம்மவர்கள் நிறையப் பேர் அந்த மாதம் கறியோடு சேர்த்து பீரையும் விட்டுவிடுவார்கள். பார் காற்று வாங்கும். விரதம் முடிந்த முதல் சனிக்கிழமை, விட்டதையெல்லாம் பிடிக்க வந்துவிடுவார்கள். அதற்குள் விலை முடிவாகிவிட வேண்டும்.

கணக்கு எழுதுவது நான். இந்த முறை அக்கா மகனும் கூட இருந்தான். நாலு வருஷம் மான்செஸ்டரில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். “மாமா, நீங்க பக்கத்து பாரை எட்டிப் பார்த்துட்டு விலை எழுதுறீங்க. அங்கே பெரிய கம்பெனிகள் எல்லாத்துக்கும் ஒரு முறை வெச்சிருக்காங்க” என்றான். சரி, அதையும்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தோம்.

முதலில் எங்கள் கணக்கு. அரை லிட்டர் டிராஃப்ட் பீர் 50 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 15 சதவீத வாட் அடங்கியிருக்கிறது: 6 ராண்ட் 52 சென்ட். எக்சைஸ் வரி பீரில் உள்ள சுத்த ஆல்கஹாலுக்கு மட்டும்தான். 2025 பட்ஜெட்டில் அது லிட்டருக்கு 145 ராண்ட் 7 சென்ட். 5 சதவீத பீர் என்றால் அரை லிட்டரில் ஆல்கஹால் 25 மில்லி, வரி 3 ராண்ட் 63 சென்ட். ஆக, அரசாங்கத்துக்குப் பத்து ராண்ட் சொச்சம். பட்ஜெட் அன்றைக்கு எக்சைஸை மட்டும் திட்டித் தீர்க்கிறவர்கள் கவனிக்க: கோப்பையில் அதைவிட வாட்டே பெரிசு. மீதி நாற்பதுக்குள் கெக் எனப்படும் பீர் பீப்பாயின் விலை, வாடகை, சம்பளம், கரன்ட் பில் எல்லாம் அடங்க வேண்டும். நுரையாகப் போவது தனி. 30 லிட்டர் கெக்கில் காகிதக் கணக்குப்படி 60 கோப்பை. நான் 56-க்கு மேல் எழுதுவதில்லை.

இனி மருமகன் கொண்டுவந்த மூன்று முறைகள்.

முதலாவது வெதர்ஸ்பூன் என்கிற பிரிட்டிஷ் பப் கம்பெனியுடையது. டிம் மார்ட்டின் 1979-இல் வடக்கு லண்டனில் ஒரே ஒரு பப்பாகத் தொடங்கியது, இப்போது 800 கிளை அளவில் நிற்கிறது. பக்கத்துக் கடைகளைவிடக் குறைந்த விலைதான் அதன் அடையாளம். தேதி முடியப்போகிற பீரை வாங்கி விற்கிறார்கள் என்று ஒரு புரளி ரொம்ப நாளாக உண்டு, கம்பெனி அதை மறுத்திருக்கிறது. எனக்கும் அந்தப் புரளி தேவையே இல்லை என்றுதான் படுகிறது, விலை ஏன் குறைவு என்பது கட்டடத்தைப் பார்த்தாலே தெரியும். பழைய சினிமா கொட்டகை, மூடிப்போன பேங்க், தபால் ஆபீஸ் என்று பெரிய பெரிய இடங்கள். அவற்றில் பாதிக்கு மேல் சொந்தம், வாடகை கிடையாது. பெரும்பாலான கிளைகளில் பாட்டும் போடுவதில்லை. பீரில் கொஞ்சம் லாபம் வைத்து நிறைய ஊற்றுகிறார்கள், கூடவே காலையிலிருந்து காப்பி, சாப்பாடு. மொத்தமாக வாங்குவதால் ஆலைக்காரனிடம் அடித்துப் பேசவும் முடிகிறது. ஆனால் எல்லாக் கிளையிலும் ஒரே விலை என்று நினைத்துவிடக் கூடாது. அதே பெயர்ப்பலகைதான், விமான நிலையத்தில் ஒரு விலை, வடக்கே ஒரு சின்ன ஊரில் வேறு விலை.

இதை எங்கள் பாருக்குக் கொண்டுவர முடியுமா? அண்ணன் கடையில் பன்னிரண்டு மேஜை. கடை வாடகைக் கடை. கூட்டத்தை வைத்து விலையைக் குறைக்கிற வித்தை, கூட்டம் உட்கார இடமிருக்கிறவனுக்குத்தான்.

இரண்டாவது முறையைக் கேட்டபோதுதான் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இங்கிலாந்தில் ஏராளமான பப்களை நடத்துகிறவர் ஒருவர், கட்டடம் இன்னொருவருடையது. ஒரு காலத்தில் அந்த இன்னொருவர் பீர் ஆலைக்காரர். 1989-இல் அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டு, பெரிய ஆலைகள் இத்தனை பப்களைப் பிடித்து வைத்திருக்கக் கூடாது என்றது. ஆலைகள் விற்றன. வாங்கியவர்கள் யார்? பப்களை மட்டும் சொத்தாக வைத்திருக்கும் புதுக் கம்பெனிகள். பீரே காய்ச்சாதவர்கள். நடத்துகிறவர் அவர்களுக்கு வாடகை தர வேண்டும், பீரையும் அவர்களிடமே, அவர்கள் சொல்லும் விலைக்கே வாங்க வேண்டும். தொழிலில் முதலாவதற்குக் காய்ந்த வாடகை என்றும், பீர் விலையில் ஒளிந்திருக்கும் இரண்டாவதற்கு ஈர வாடகை என்றும் பெயராம். நம் பாஷையில் சொன்னால் நிலத்துக்குக் குத்தகையும் கொடுத்து, விளைச்சலில் வாரமும் அளக்கிற மாதிரி.

கோப்பைக்கு அது என்ன செய்யும் என்று போட்டுப் பார்த்தேன். அங்கே பீரை அளப்பது பைண்டில், அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். 50 லிட்டர் கெக்கில் 88 பைண்ட். கெக்குக்கு 88 பவுண்ட் கூடக் கொடுக்கிறார் என்றால் பைண்டுக்கு ஒரு பவுண்ட் ஏறுகிறது. அதன் தலையில் 20 சதவீத வாட். ஆக ஒரு பவுண்ட் இருபது. இந்தப் பக்கம் வெதர்ஸ்பூன், அந்தப் பக்கம் இந்த மனிதர், நடுவில் ஒரு தெருதான். குடிக்க வருகிறவன் இவரைப் பேராசைக்காரர் என்பான். சண்டை முற்றி, 2016-இல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஒரு சட்ட விதி வந்தது: இப்படிக் கட்டிப்போட்ட பப்கள் 500 அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் கம்பெனிகளிடம், சில கட்டங்களில், “சந்தை வாடகை மட்டும் தருகிறேன், பீரை என் இஷ்டத்துக்கு வாங்கிக்கொள்கிறேன்” என்று கேட்கலாம்.

“நமக்கு யாரும் கட்டு போடலையே” என்றான் மருமகன். அண்ணன் சிரித்துவிட்டு ஃப்ரிட்ஜைக் காட்டினார். ஆலைக்காரன் கொடுத்தது. இங்கே பீர் என்றாலே எஸ்ஏபி, அதாவது சவுத் ஆப்பிரிக்கன் ப்ரூவரீஸ், என்று வளர்ந்தவர்கள் நாங்கள். 2016-இல் ஏபி இன்பெவ் என்கிற உலகப் பெரிய பீர் கம்பெனி அதை வாங்கியபோது, போட்டித் தீர்ப்பாயம் விதித்த நிபந்தனைகளில் ஒன்று இந்தக் குளிர்பெட்டியைப் பற்றியது: அவர்கள் பெட்டி மட்டுமே உள்ள கடைகளில் அதில் பத்து சதவீத இடம் சின்ன உள்ளூர் ஆலைகளின் பீருக்கு விட வேண்டும். கட்டு என்பது ஒப்பந்தத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது முறை ஸ்டோன்கேட் என்கிற இன்னொரு பிரிட்டிஷ் பப் கம்பெனியினுடையது. 2023 செப்டம்பரில் சுமார் 800 பப்களில், கூட்டமான நேரத்தில் பைண்டுக்கு 20 பென்ஸ் அளவுக்குக் கூட்டுவோம் என்றார்கள். கூடுதல் ஆள், வாசலில் காவல், கோப்பை கழுவுகிற செலவு என்று காரணம் சொன்னார்கள். ஊரே திட்டியது. யோசித்தால் ஹேப்பி ஹவரும் இதேதான், தலைகீழாக. ஐந்து மணிக்கு இரண்டு ராண்ட் குறைத்தால் தர்மவான், எட்டு மணிக்கு இரண்டு ராண்ட் ஏற்றினால் திருடன். கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான்.

மருமகனுக்கு இந்த முறைதான் பிடித்தது. “சனிக்கிழமை ஏத்துங்க, புரட்டாசியில குறைங்க.” ஏற்றுவதைப் பற்றி அண்ணன் வாயே திறக்கவில்லை. குறைப்பதற்கு மட்டும் பதில் வந்தது: “விரதம் இருக்கிறவன் முன்னாடி மலிவு விலைப் பலகை வைக்கச் சொல்றியா? உங்க அம்மா அப்புறம் இந்தப் பக்கம் வருவாளா?”

அண்ணனை உண்மையில் கட்டிப்போடுவது இந்த மூன்றுமே இல்லை. நாலு கடை தள்ளி ஒரு பாட்டில் ஸ்டோர். அங்கே குவார்ட் எனப்படும் 750 மில்லி பீர் பாட்டிலை வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து டெபாசிட்டையும் வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கடைக்கு மேஜை வேண்டாம், கோப்பை கழுவ ஆள் வேண்டாம், நுரையில் நஷ்டமும் இல்லை. எக்சைஸ் மட்டும் அங்கேயும் இங்கேயும் ஒன்றே. வீட்டு வாசலில் பிராய் போட்டு, அதாவது நெருப்பில் கறி சுட்டு, அந்த குவார்ட்டை இரண்டு பேர் பகிர்ந்து குடிக்கலாம் என்கிற நினைப்பு எங்கள் வாடிக்கையாளர் ஒவ்வொருவர் தலையிலும் இருக்கும். அதனால் டிராஃப்டில் கொஞ்சம் விளையாடலாம், ரம் காக்டெயிலில் தாராளமாக விளையாடலாம். அவன் அதன் விலையை எதோடு ஒப்பிடுவான்?

கடைசியில் டிராஃப்டுக்கு இரண்டு ராண்ட் ஏற்றினோம், எல்லா நாளும் ஒரே விலை. ஹேப்பி ஹவர் வியாழக்கிழமை மட்டும். பலகையில் குவார்ட் விலை எழுதியிருந்த இடத்துக்கு நான் சாக்பீஸைக் கொண்டுபோனபோது அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.