காட்பாடி ரத்தப் பரிசோதனைக் கூடம்: ஊசி குத்துவதில் தேர்ச்சி, அறிக்கையில் கோட்டைவிட்டது

இரண்டு முறை சிறுநீரகக் கல்லால் அவதிப்பட்ட என் தாயாருக்குக் கால்சியமும் அதைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்க்கும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்ததால், காட்பாடி காந்தி நகரில் உள்ள ஒரு பரிசோதனைக் கூடத்துக்குச் சென்ற மாதம் அவரை அழைத்துச் சென்றேன். கல்லுக்கு வேலூர் வெயிலையும் தண்ணீரையும்தான் அதுவரை குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

ரத்தம் எடுத்த பெண் வேலை தெரிந்தவர். நரம்பு அகப்பட்டதும் கையில் கட்டிய பட்டையைத் தளர்த்திவிட்டார். நெடுநேரம் இறுகியிருந்தால் கால்சியம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஹார்மோனுக்கு ஊதா மூடிக் குழாயும் கால்சியத்துக்கு மஞ்சள் மூடிக் குழாயும் எடுத்தார். ஒன்று போதாதா என்று அம்மா கேட்டதற்கு, "ஊதாவுல இருக்கிற மருந்து கால்சியத்தைப் புடிச்சு வச்சுக்கும்மா, அதுல பார்த்தா கம்மியா காட்டும்" என்றார்.

குறை அறிக்கையில்தான். கால்சியம் வரம்பைத் தாண்டி 11.3 மில்லிகிராம் என்று முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தில் ஹார்மோன் 58 பிகோகிராம், 15 முதல் 65 என்ற வரம்புக்குள் இருப்பதால் 'நார்மல்'. முகப்பில் இருந்தவரோ, "ஹார்மோன் நல்லாருக்கு சார், கால்சியம் மாத்திரைய நிறுத்துங்க" என்று வைத்தியமும் சொன்னார். அம்மா அந்த மாத்திரையைத் தொட்டதே இல்லை.

தைராய்டின் பின்புறம் பெரும்பாலும் நான்காக ஒட்டியிருக்கும், அரிசி மணி அளவுள்ள பாராதைராய்டு சுரப்பிகள், ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் ஹார்மோனைக் கூட்டி, எலும்பிலிருந்து அதை வெளியே எடுத்தும், சிறுநீரில் வீணாகாமல் மீட்டும், வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவுக்குச் சிறுநீரகத்தைக் கொண்டு மாற்றச் செய்து குடல்வழி உறிஞ்ச வைத்தும் ஈடுகட்டுகின்றன. கால்சியம் ஏறினால் சுரப்பது அடங்கிவிட வேண்டும். ஆகவே 11.3 இருக்கும்போது 58 என்பது, தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருப்பதைப் போன்றது. வழிவது சிறுநீரிலும் இறங்குவதால்தான் கல் உருவாகிறது.

இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்த மருத்துவர், ஒரு சுரப்பி பருத்து அடங்காமல் சுரக்கிறதோ என ஐயுற்று, அல்புமின் என்ற ரத்தப் புரதம், வைட்டமின் டி, 24 மணி நேரச் சிறுநீர்க் கால்சியம் ஆகியவற்றையும் எழுதினார். ரத்தக் கால்சியத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு அல்புமினோடு ஒட்டியிருப்பதால், அதைத் தெரிந்துகொள்ளாமல் 11.3-ஐ எடைபோட முடியாதாம்.

ஊசிக்காக மறுபடியும் அதே கூடத்துக்குத்தான் சென்றோம். அறிக்கையைப் பற்றி மட்டும் முகப்பில் எதுவும் கேட்கவில்லை.